முனி ஒன்றா, காஞ்சனா ஒன்றா? எங்கள் பக்கத்துப் பேய்ப் படச் சண்டையின் பழைய வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையின் கடைசி வாரம், தரம் 10 வகுப்பில் பெரிய வாக்குவாதம். ராகவா லாரன்ஸின் பேய்ப் படங்களில் எது முதலாம் பாகம்? 2007 இல் வந்த 'முனி'தான் என்கிறது ஒரு பக்கம். 'முனி'யில் கதாநாயகன் பெயர் கணேஷ், 2011 இல் வந்த 'காஞ்சனா'வில் ராகவா, ஆளே வேறு, அதனால் கணக்கை காஞ்சனாவில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறது மற்றப் பக்கம். காஞ்சனாவுக்கு 'முனி 2' என்றும் பெயர் இருந்ததே என்றது ஒரு பிள்ளை. அப்படியென்றால் 2015 இல் வந்ததை எல்லாரும் ஏன் 'காஞ்சனா 2' என்று சொல்கிறோம் என்றது இன்னொன்று. கடைசியில் "சேர், நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நின்றது. பக்கத்து வகுப்பு டீச்சர், "சோதனைக்குப் படிக்கச் சொன்னால் பேய்க்குப் பட்டிமன்றம் வைக்குதுகள்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் படிப்பிப்பது வரலாறு. எது முந்தியது, எது எதன் தொடர்ச்சி, பெயர் மாறினால் ஆளும் மாறுகிறானா என்பதெல்லாம் என் பாடத்துக் கேள்விகள். பிள்ளைகள் அதைச் சோழர் காலத்துக்குக் கேட்காமல் காஞ்சனாவுக்குக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சண்டை எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்ததும் இல்லை. வெள்ளைக்காரர் நாடுகளில் 40 வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. கத்தியோடு ஒருவன் வருவான், ஒவ்வொருவராகத் தீர்ப்பான், கடைசியில் ஒரு பெண் மட்டும் தப்புவாள். இந்த வகைப் படங்களுக்கு அங்கே ஸ்லாஷர் என்று பெயர். 1960 இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ'வைத் தாய் என்று சொல்லலாம். வகையை நிலைநாட்டியது 1978 ஒக்டோபர் 25 அன்று வெளியான ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்'. செலவு சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம் டொலர்தான். கொலைகாரனுக்கு முகமூடி செய்யக்கூடக் காசில்லாமல், 'ஸ்டார் ட்ரெக்' கப்டனின் முகமூடி ஒன்றைக் கடையில் வாங்கி வெள்ளைப் பெயின்ட் அடித்து மாட்டினார்கள். அந்த வெள்ளை முகம் இன்றுவரை 13 படங்களுக்குச் சோறு போட்டுவிட்டது. ஒக்டோபர் 31 அவர்களுடைய பேய் வேடப் பண்டிகை என்பதால், அந்த மாதம் முழுக்கப் பயப் படம் பார்ப்பதே ஒரு வழக்கமாகிவிட்டது. நமக்குத் தீபாவளிக்குப் புதுப் படம் போல.

அங்கே நடக்கும் சண்டையைப் பாருங்கள். 1982 இல் வந்த மூன்றாவது 'ஹாலோவீனில்' அந்த வெள்ளை முகமூடிக்காரன் மைக்கேல் மையர்ஸே இல்லை. முற்றிலும் வேறு கதை. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 1988 இல் நான்காவது படத்தில் ஆளைத் திரும்பக் கூட்டி வர வேண்டியதாயிற்று. 2018 இல் வந்த படமோ முதல் படத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு, இடையில் வந்த 9 படங்களும் நடக்கவே இல்லை என்று தள்ளிவிட்டது. பாடப் புத்தகத்தில் நடு அத்தியாயங்களைக் கிழித்து வீசிய மாதிரி. இன்னொரு வரிசை 'ஃபிரைடே த தேர்ட்டீன்த்'. 1980 இல் வந்த முதல் படத்தில் கொலைகாரன் ஜேசன் அல்ல, அவனுடைய தாய். ஜேசன் கொல்லத் தொடங்குவது 1981 இல். எல்லாருக்கும் தெரிந்த அந்த ஹாக்கி முகமூடி அவனுக்குக் கிடைப்பது 1982 இல், மூன்றாவது படத்தில். நான்காவதுக்கு 'இறுதி அத்தியாயம்' என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த வருடமே ஐந்தாவதை எடுத்தார்கள். எங்கள் முனி காஞ்சனா குழப்பம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

இனி நம் பக்கம் வருவோம். 'ஹாலோவீன்' வந்த அதே 1978, அதே ஒக்டோபர் கடைசி, தமிழ்நாட்டில் தீபாவளியை ஒட்டி பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. கமல்ஹாசன் பெண்களைக் கொல்பவராக நடித்தார். இரண்டு வருடம் கழித்து, 1980 இல், நம் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 'மூடுபனி' எடுத்தார். பிரதாப் போத்தன் கொலைகாரன், 'சைக்கோ'வின் நிழல் நன்றாகத் தெரியும். இளையராஜாவுக்கு அது 100 ஆவது படம். ஆக, அவர்கள் முகமூடி மாட்டிய காலத்தில்தான் நாமும் கத்தியை எடுத்திருக்கிறோம். அமெரிக்காவைப் பார்த்து மெதுவாகக் கற்றுக்கொண்டோம் என்று சொல்வது சரியில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தப் பதிவே அதற்காகத்தான். கார்ப்பென்டரின் கொலைகாரனுக்குக் காரணம் கிடையாது. ஆறு வயதில் அக்காவைக் கொன்றான். ஏன்? தெரியாது. அவனுக்கு வைத்தியம் பார்த்த டொக்டரே தீமை என்று மட்டும் சொல்லிக் கைவிரிக்கிறார். நம் ஆட்களுக்கு அப்படி விட முடியவில்லை. 'சிகப்பு ரோஜாக்க'ளில் அவன் அநாதைப் பையனாக இருந்தபோது என்ன நடந்தது என்று காட்டியாக வேண்டும். 'மூடுபனி'யில் தாய் பட்ட துன்பத்தைக் காட்டியாக வேண்டும். பின்கதை இல்லாமல் தமிழ்ப் பார்வையாளன் கதிரையை விட்டு எழும்ப மாட்டான்.

பேய்ப் படங்களில் இது இன்னும் தெளிவு. 'முனி'யில் பேயாக வரும் ராஜ்கிரண் ஒரு சேரித் தலைவர். நம்பிய அரசியல்வாதியால் கொல்லப்பட்டவர். 'காஞ்சனா'வில் சரத்குமார் செய்தது ஒரு திருநங்கையின் பாத்திரம். காணிக்காகக் கொல்லப்பட்டவர். சுந்தர் சி இன் 'அரண்மனை' வரிசையில் இரண்டாவதின் பேய், விரும்பியவரை மணந்ததற்காகச் சொந்தக் குடும்பத்தாலேயே கொல்லப்பட்ட மகள். பேய் என்பது முறைப்பாட்டோடு வந்து நிற்கும் ஆள். கடைசி அரை மணித்தியாலத்தில் முறைப்பாடு கேட்கப்படுகிறது, குற்றவாளி தண்டிக்கப்படுகிறான், பேய் போய்விடுகிறது.

போய்விட்ட பேயை அடுத்த பாகத்துக்கு எப்படிக் கூப்பிடுவது? வழக்கு முடிந்துவிட்டதே. அதனால்தான் நம்முடைய தொடர்களில் ஒவ்வொரு முறையும் வேறு பேய் வருகிறது. மாறாமல் நிற்பது இருட்டினால் நடுங்கும் அந்தப் பயந்தாங்கொள்ளி, அல்லது பெரிய பழைய வீடு. அவர்களுக்கோ கொலைகாரன் நிரந்தரம், சாகிறவர்கள்தான் மாறிக்கொண்டே இருப்பார்கள். 'இரண்டாம் பாகம்' என்ற ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருகிறது. தரம் 10 இன் வழக்குக்கு நான் சொன்ன தீர்ப்பும் இதுதான்: இவை ஒரே கதையின் பாகங்கள் அல்ல, ஒரே நீதிமன்றத்தில் வந்த வேறு வேறு வழக்குகள். இரண்டு கட்சிக்கும் திருப்தியில்லை.

அதில் ஒரு பையன் உடனே, "அப்ப டிமான்டி காலனி?" என்றான். நல்ல கேள்வி. 2015 படத்தின் பேயே 2024 ஓகஸ்டில் வந்த இரண்டாம் பாகத்திலும் தொடர்கிறது. கவனித்துப் பாருங்கள், அந்த டிமான்டி அநியாயம் செய்யப்பட்டவன் அல்ல. தன் சங்கிலியை யாருக்கும் கொடுக்காத செல்வந்தன். தீர்ந்து போக அவனிடம் வழக்கு இல்லை, அதனால் திரும்பி வர முடிகிறது. இன்னொரு விதமான சிக்கல் 'சந்திரமுகி'. 2005 இல் அது ஒரு பெண்ணின் மனநோய் என்று டொக்டர் விளக்கி முடித்தார். 2023 இல் வந்த இரண்டாம் பாகம் நிஜ ஆவியையே கொண்டு வந்தது. முதல் படத்தில் டொக்டர் சொன்னதெல்லாம் என்னவாயிற்று என்று ரசிகர்கள் கேட்டது நியாயம்தான். எனக்கும் அந்த மாற்றம் பிடிக்கவில்லை.

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன். பயத்துக்கு ஒரு பருவம் வைப்பது, அதைப் பற்றிக் கட்சி கட்டி வாதாடுவது, இரண்டுமே சினிமாவுக்கு முன்னரே எங்கள் பக்கம் இருந்தவை. மாசி மாதம் காமன் கூத்து. அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் காமன் ஊன்றுவார்கள். தப்புச் சத்தம் லயம் லயமாகப் போகும். ரதியும் மதனும் ஆடுவார்கள். இரவு ஏற ஏறத் தூதன் வருவான், எமன் வருவான், தீப்பந்தத்தோடு வீரபத்திரன் வருவான். சின்னப் பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிப்பார், ரதி அழுது கேட்க அவன் திரும்ப உயிர் பெறுவான். அடுத்த மாசியில் மறுபடியும் முதலில் இருந்து. தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதற்கு லாவணி என்ற பாட்டு வாதமே உண்டு. காமன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி, எரியவில்லை என்பது எரியாத கட்சி. இரண்டு பக்கமும் விடிய விடியப் பாட்டாலேயே மோதும். செத்தவன் உண்மையில் செத்தானா என்பதுதானே ஹாலோவீன் ரசிகர்களின் சண்டையும்?

'முனி' என்ற பெயரும் இங்கே சினிமாவில் இருந்து வந்ததில்லை. மலையகத் தோட்டங்களில் மரத்தடி முனி உண்டு, தேயிலை ஸ்டோரின் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனி உண்டு. இதையெல்லாம் விளக்க நான் ஆள் இல்லை, வணங்குகிறவர்கள் சொல்ல வேண்டும். என் வீட்டில் பேய் என்றால் ஜின் கதைதான். இருட்டில் தனியாக வெளியே போகும்போது ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு போகச் சொல்வார் உம்மா. ஆனால் கூத்தில் வீரபத்திரன் வரும் இரவுகளில் கடைத்தெரு முஸ்லிம் பொடியன்களும் மேட்டில் நின்று பார்த்தோம், நாங்களும் பயந்தோம்.

1981 ஓகஸ்ட் மாதம் பற்றியும் சொல்ல வேண்டும். இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானை, பெல்மதுளைப் பக்கத்தில் தோட்டத் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். லயங்கள் எரிந்தன. காட்டிலும் தேயிலைக்குள்ளும் இரவைக் கழித்தவர்கள் உண்டு. வவுனியாப் பக்கம் போய்த் திரும்பி வராதவர்கள் பலர். அதற்குச் சில வருடம் கழித்துத்தான் டெக் காலம் வந்தது. தீபாவளிக்கு அட்வான்ஸ் கிடைத்ததும் நாலைந்து வீடு சேர்ந்து டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுக்கும். மின்சாரம் இல்லாத லயத்தில் ஜெனரேட்டர் வாடகையும் சேரும். ஒரு இரவுக்கு மூன்று படம். முதலில் சாமிப் படம், நடுவில் எம்ஜிஆர் அல்லது ரஜினி, பிள்ளைகள் தூங்கியதும் பயப் படம் என்பது எழுதாத ஒழுங்கு. பிள்ளைகள் தூங்கியது போலப் போர்வைக்குள் ஓட்டை வைத்துப் பார்த்தது வேறு கதை. 1984 இல் வந்த 'நூறாவது நாள்', மொட்டைத் தலை சத்யராஜ், எத்தனை வருடம் ஓடினாலும் அலுக்கவில்லை. '13 ஆம் நம்பர் வீடு', 'மை டியர் லிசா' எல்லாம் அப்படிப் பார்த்தவைதான். எங்கள் ஊரில் பால் வெட்டப் போகும் ஒரு பாட்டி, எல்லாரும் அலறும் இடத்தில் வெற்றிலை மென்றபடி, "இதெல்லாம் ஒரு பயமாடா?" என்பார். 1981 இல் இரண்டு பிள்ளைகளோடு றப்பர் காட்டுக்குள் கிடந்தவர் அவர். ஆனாலும் ஒரு படத்தையும் விடமாட்டார், முன்வரிசையில்தான் இருப்பார்.

அடுத்தது 2011. 'காஞ்சனா' அந்த ஜூலை 22 இல் வெளியானது. அடுத்த மாதமே நாடு முழுக்கக் கிறீஸ் பூதம். படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, காலம் மட்டும்தான் ஒன்று. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு பிடிபடாமல் வழுக்கிப் போகும் திருடன் பழைய கதை. அந்த ஓகஸ்டில் அவன் பெண்களைத் தாக்கும் மர்ம மனிதன் ஆனான். விரலில் இரும்பு நகம் என்றார்கள், சப்பாத்தில் ஸ்பிரிங் என்றார்கள். இரும்பு நக விரல் 1984 இல் வந்த 'எல்ம் ஸ்ட்ரீட்' படத்தின் ஃப்ரெடியின் அடையாளம். அதை இங்கே யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள், கடவுளுக்கே வெளிச்சம்.

ஆனால் எங்கள் மாவட்டத்தில் அது வெறும் கதையாகத் தொடங்கவில்லை. கஹவத்தை கொட்டகெத்தனப் பகுதியில் 2008 முதல் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டு வந்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள். நிஜமான பெண்கள், நிஜமான வீடுகள். பலரும் கிறீஸ் பூதத்தின் தொடக்கத்தை இதோடு சேர்த்துத்தான் பேசினார்கள். ஒரே ஒரு மர்மக் கொலைகாரன் என்றுதான் ஊர் நம்ப விரும்பியது. வழக்குகளிலோ வெவ்வேறு ஆட்கள் சந்தேக நபர்களாக வந்தார்கள். படத்தில் போல ஒரு முகமூடிக்குள் ஒரு ஆள் என்று அது முடியவில்லை.

அந்த ஓகஸ்ட் கிட்டத்தட்ட முழுவதும் நோன்பு. தராவீஹ் தொழுகைக்கு ஆண்கள் போனால் வீட்டில் பெண்கள் தனி. கிழக்கில், புத்தளத்தில், பயம் கூட்டமாகித் தெருவுக்கு வந்தது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். ஹப்புத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கிறீஸ் பூதம் என்று சந்தேகித்து இரண்டு பேரைக் கொன்றார்கள். அவர்களுக்கு யாராவது பின்கதை கேட்டார்களா? எங்கே இருந்து வருகிறாய், யாரைத் தேடி வந்தாய் என்று? சினிமாவில் பேய்க்குக் கிடைக்கும் அரை மணித்தியாலம் அந்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்போது வகுப்பில் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள், எதிர்க் கட்சி என்று ஒன்று இருக்கவில்லை. வாக்குவாதம் நின்ற காலம் எனக்கு நல்ல காலமாக நினைவில் இல்லை.

'காஞ்சனா 3' வந்த திகதியை இலங்கையில் யாரும் மறக்க முடியாது. 2019 ஏப்ரல் 19, பெரிய வெள்ளி. மூன்றாம் நாள் உயிர்த்த ஞாயிறு. அதற்குப் பிறகு படம் எங்கே, தியேட்டர் எங்கே. ஊரடங்கு. பாடசாலை திறப்பதும் தள்ளிப்போனது. ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடும் உடை அவசரகாலச் சட்டத்தில் தடையானது. என் குடும்பத்தில் நிகாப் அணிந்த ஒரு பெரியம்மா பல வாரங்கள் வாசலைத் தாண்டவில்லை. நான் போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது, நிற்கிறவர்கள் இருந்தும். இதை யார் மீதும் கோபத்தில் எழுதவில்லை. 1981 இல் தேயிலைக்குள் ஒளிந்தவர்களின் பேரப்பிள்ளை ஒருத்திதான், பாடசாலை திறந்த அன்று, "சேர், வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று முதலில் கேட்டாள்.

இப்போது ஒவ்வொரு கையிலும் ஃபோன். ஒக்டோபர் வந்தால் எங்கள் பிள்ளைகளும் பயப் படப் பட்டியல் போடுகிறார்கள். மைக்கேல் மையர்ஸையும் தெரியும், 2024 வரை வந்த நான்கு அரண்மனையையும் தெரியும், சிங்களக் கூட்டாளிகள் சொல்லி 2015 இல் வந்த 'கிந்தாரி' நகைச்சுவைப் பேயையும் தெரியும். படம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு தவணையும் ஒருவர் எழும்புவார். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கத்திப் படம் காட்டக் கூடாது என்பதில் எனக்கும் இரண்டு கருத்து இல்லை. பெரிய பிள்ளைகள் கட்சி கட்டி வாதாடுவதைத் தடுக்க மட்டும் என்னால் முடியாது. அந்தப் பேய் ஏன் வந்தது, அதற்கு யார் அநியாயம் செய்தது, கேட்டு முடித்தார்களா என்றுதான் அவர்கள் வாதாடுகிறார்கள்.

ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன், உங்கள் உதவி வேண்டும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய, பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தை, நிவித்திகலைப் பக்கத்தில் எந்தத் தோட்டத்தில் இப்போதும் காமன் ஊன்றுகிறார்கள்? வீரபத்திரன் வேடம் கட்டியவர்கள் யாராவது இருக்கிறார்களா? உங்கள் லயத்தில் டெக்கில் கடைசியாகப் பார்த்த பயப் படம் எது, வாடகை எவ்வளவு? தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். எழுத முடியாத பெரியவர்கள் இருந்தால் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். முனியா காஞ்சனாவா என்று எழுதினாலும் சரி. காமன் எரிந்த கட்சியா எரியாத கட்சியா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.